இரண்டாம் குறுக்குத் தெரு விலாசம்

தென்காசியிலிருந்து கொழும்புக்குக் கிளம்புகிறவன் அந்தக் காலத்தில் மூன்று வாசலை மிதிக்காமல் ரயில் ஏறமாட்டான். விசாக் காகிதத்துக்காக ஆபீஸ் வாசல். பள்ளிவாசலோ கோயிலோ, அவனவன் வழக்கப்படி ஒரு வாசல். கடைசியாக, சேக் தாவூது வீட்டு வாசல். முதல் இரண்டிலும் காத்துக் கிடக்க வேண்டும், கேட்டது கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. மூன்றாவது அப்படியில்லை. வந்தவனை உட்கார வைத்து, டீ கொடுத்து, எந்தக் கடைக்குப் போகிறாய், யார் கூப்பிட்டார்கள் என்று நாலு விஷயம் விசாரித்துவிட்டு, கோடு போட்ட தாளில் கால் பங்கைக் கிழித்துத் தாவூது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.

சீட்டில் இருப்பது எப்போதும் ஒன்றேதான். "ஜனாப் கிதிர் முகம்மது, கணக்கப்பிள்ளை, ஜவுளிக்கடை மாடி, இரண்டாம் குறுக்குத் தெரு, புறக்கோட்டை, கொழும்பு. ஆபத்து அவசரத்துக்கு முதலில் இவரைப் பார்க்கவும். இவரைக் கேளாமல் ஆஸ்பத்திரிக்கோ போலீசுக்கோ போக வேண்டாம். தென்காசி சேக் தாவூது அனுப்பியதாகச் சொல்லவும்." கடைசி வரியின் எழுத்து மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வாங்கியவன் அதை நாலாக மடித்து இடுப்பில் கட்டும் பச்சைப் பெல்ட்டின் பைக்குள் வைத்துக்கொள்வான். பெல்ட் கட்டாதவன் சட்டையின் உள்பையில் வைத்துத் தைத்துக்கொள்வான்.

தாவூது கொழும்பில் பதினெட்டு வருஷம் இருந்தவர். இருந்தவர் என்றால் கடை வைத்தோ கட்டடம் கட்டியோ அல்ல. ஒரு ஜவுளிக்கடையில் வாடிக்கைக்காரர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போகும் துணிகளை மறுபடி மடித்து அடுக்குகிற வேலை. கூடப் போனவர்களெல்லாம் ஊருக்குத் திரும்பி மாடி வைத்து வீடு கட்டினார்கள். இவர் ஐம்பதாம் வருஷம் திரும்பியபோது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புக் குடை, மழைக் காலத்தில் இழுக்கிற மூச்சு. மனைவி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். மகள் அலிமாவும், தாய் தகப்பன் இல்லாத தங்கை மகன் மைதீனும் வீட்டில் இருந்தார்கள். கொழும்பில் நீ என்னத்தைச் சம்பாதித்தாய் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அவரிடம் ஒன்றுதான் இருந்தது. கிதிர் முகம்மதைத் தெரியும் என்பது.

அது பொய்யில்லை. கிதிர் முகம்மதுக்கு அச்சன்புதூர். பன்னிரண்டு பேர் படுத்து எழும்புகிற அறையில் தாவூதுக்குப் பக்கத்துப் பாய். அவருக்கு இங்கிலீஷ் வரும், சிங்களமும் வரும். எந்த ஆபீசில் எந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் நல்லவர், போலீஸ்காரன் பிடித்தால் யாருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. தாவூதுக்கு விஷக் காய்ச்சல் வந்து நினைவு தப்பியபோது ரிக்‌ஷாவில் மடியில் போட்டுக் கொண்டுபோனவர் அவர்தான். பதினோரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கஞ்சி ஊட்டினார். அந்தப் பதினோரு நாளைத் தாவூது வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஊருக்கு வந்தபின் அவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் முதல் இருபதோ முப்பதோ சத்தியமான சீட்டுகள். அவற்றால் பிழைத்தவர்களும் உண்டு. ஒருவன் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினான். ஒருவனுக்குக் கண் பிழைத்தது.

சீட்டு எழுதிக் கொடுக்கிறவர் என்று ஆனபின் தாவூதுக்கு ஊரில் இடம் வந்தது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வெறும் தாவூது என்று கூப்பிட்டவர்கள் கொழும்புத் தாவூது என்றார்கள். வயிற்றுப் பாட்டுக்கு அவர் செய்தது துண்டு வியாபாரம். சீசனில் குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகும் வழியில் தட்டி கட்டித் துண்டு, சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய் விற்பார். மற்ற மாதங்களில் தென்காசித் தெருக்களில் கைலி விற்பார். தெருத் தெருவாகக் கைலி சுமந்து விற்கிற ஆளை எந்த ஊரிலாவது முன்வரிசையில் உட்கார வைப்பார்களா? அது அவருக்கும் தெரியும்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், சாரல் நன்றாக இறங்கிய ஒரு புதன்கிழமை, அவருக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலையில் தபால்காரர் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, குற்றாலத்தில் கடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பிரித்தார். புதுக் கணக்கப்பிள்ளை எழுதியிருந்தார். கிதிர் முகம்மது மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். முதலாளி கடையை விற்றுவிட்டார். இனி இந்த விலாசத்துக்கு ஆளோ கடிதமோ அனுப்ப வேண்டாம்.

தாவூது இன்னாலில்லாஹி சொன்னார். துண்டுக் கட்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். துண்டு வாங்க வந்த மதுரைக்காரர் ஒருவர் என்ன பாய், உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார். இல்லை, சொந்தத்தில் ஒரு துக்கம் என்றார் தாவூது. அந்த அழுகையில் கள்ளம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் செய்தியைச் சொல்லி, கிதிர் முகம்மதுக்காக எல்லோரையும் துஆ கேட்க வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

இடையில் வியாழக்கிழமை ஒன்று இருந்தது. அன்று சாயந்தரம் புளியங்குடியிலிருந்து ஒலி முகம்மது என்ற பையனைக் கூட்டிக்கொண்டு அவன் தாய் வந்தாள். இரண்டு பஸ் மாறி நனைந்துகொண்டு வந்திருந்தாள். வீட்டுக்குள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன், ஒத்தப் புள்ள. அங்கன இவனுக்கு நாதி கிடையாது. நீங்க சீட்டு தருதீங்கன்னு சொன்னாவ. அதான் தைரியமா அனுப்புதேன்."

ஆள் இல்லையம்மா, இறந்துவிட்டார் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் தாவூது பார்த்தது அந்தத் தாயின் முகத்தை அல்ல. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை. எல்லோரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தாளைக் கிழித்தது, எழுதியது, கொடுத்தது. இன்றைக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜும்ஆவில் எழுந்து நிற்கப் போனார். நேற்றுச் சாயந்தரம் விலாசம் எழுதிக் கொடுத்த ஆளை இன்றைக்கு மௌத் என்று எப்படிச் சொல்வது? கடிதம் எப்போது வந்தது என்று எவனாவது கேட்டால்? உட்கார்ந்துவிட்டார். ஒரு வியாழக்கிழமைக்காக ஒரு வெள்ளிக்கிழமையைத் தின்றார். பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளும் அப்படியே போயின.

கடிதத்தைத் தகரப் பெட்டியில், கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மல் துணிக்கு அடியில் வைத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒலி முகம்மது என்று எழுதினார். என்றைக்காவது தகவல் சொல்ல வேண்டுமே, பெயர் மறந்துவிடக் கூடாதே என்று. தன்னை நல்லவன் என்று நம்பிக்கொள்ள மனுஷனுக்கு ஒரு பென்சில் துண்டு போதும். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பெயர் அங்கே ஏறியது.

அத்தோடு அவர் புதிதாக ஒரு வழக்கமும் கொண்டுவந்தார். முன்பெல்லாம், போனதும் கிதிர் முகம்மதைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு வா என்று அனுப்புவார். இப்போது, "சும்மா சும்மா போயி அவரத் தொந்தரவு பண்ணக் கூடாது. வேலையுள்ள மனுசன். தலை போற ஆபத்துன்னாத்தான் அந்த வாசல்ல போயி நிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். கேட்டவர்களுக்கு அது மரியாதையாகத் தோன்றியது. கொழும்பில் வருஷக் கணக்கில் இருந்த தென்காசிக்காரர்கள், நடந்தால் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்தத் தெருவுக்குப் போகாமல், சீட்டை மட்டும் பத்திரமாக இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கடிதத்துக்குப் பிறகு சீட்டு வாங்கிப் போனவர்களில் முதலில் அந்த வாசலில் போய் நின்றது பிச்சுமணி. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்தவன். தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ஐம்பத்தெட்டாம் வருஷக் கலவரத்தில் கடையை நொறுக்கியபோது பின்பக்கச் சுவரேறிக் குதித்து, சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு ஓடினான். மாடிக் கதவைத் தட்டிப் பார்த்தான். யாரும் திறக்கவில்லை. எதிர்க்கடைக் கூரையின் மேல் ஒரு பகல் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்து, அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, கப்பலில் ஊர் வந்தான். வந்த மறுநாளே குற்றாலம் கடைக்கு வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, நான் போனன்னைக்கு அந்த அண்ணாச்சி அங்கன இல்ல."

தாவூது துண்டுக் கட்டைப் பிரித்து அடுக்கினார். "ஊருக்கு வந்திருப்பாரு" என்றார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சேன். என் நேரம், வேற என்ன. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க." சொல்லிவிட்டு அவனே ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அருவிக்குப் போனான். உயிர் தப்பி வந்தவன் இவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறான். அன்றைக்காவது தாவூது வாயைத் திறந்திருக்கலாம்.

இரண்டே மாதத்தில் மைதீன் கிளம்பினான்.

மைதீன் தறி நெய்கிறவன். முந்தின வருஷம்தான் அலிமாவைக் கட்டிக்கொடுத்திருந்தார். சின்ன வயசிலிருந்து மாமா சொன்ன கொழும்புக் கதையைக் கேட்டே வளர்ந்தவன். கலவரம் அடங்கிவிட்டது, கடைக்காரர் ஒரு வருஷ விசாவுக்கு எழுதிக் கேட்கிறார் என்று அதே தெருக்காரன் காஜா கடிதம் போட்டதும் இவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காஜா முந்தின வருஷம் போனவன். அவன் இடுப்பிலும் ஒரு சீட்டு இருந்தது. அவன் பெயரும் பெட்டிக்குள் இருந்த கடிதத்தின் பின்னால் இருந்தது.

போக வேண்டாம் என்று தாவூது சொல்லிப் பார்த்தார். காரணம் சொல்ல முடியவில்லை. ஊருக்கெல்லாம் வழிகாட்டி அனுப்பிவிட்டு வீட்டுப் பிள்ளையை மட்டும் தடுக்கிறாரே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் அவனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். தனியாக வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூட்டிப்போனார். பஸ்ஸில் சொல்லவில்லை, பக்கத்தில் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தார். நடந்து போகும்போது சொல்லவில்லை, அவன் கொழும்பில் டிராம் வண்டி இன்னும் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அருவிக்கு அடியில், இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் இடித்துக்கொண்டு விழும்போது சொன்னார். "ஏலே மைதீனு, கிதிர் முகம்மது மௌத்தாயிட்டாருலே. அங்கன யாரும் இல்ல." முழுசாகவே சொன்னார்.

அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சு பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது என்பது சீசனுக்குச் சீசன் அங்கேயே கடை போடுகிறவருக்குத் தெரியாதா. வெளியே வந்து தலையைத் துவட்டும்போது, "என்னமோ சொன்னீகளே மாமா" என்றான் மைதீன்.

"ஒண்ணுமில்ல. காதுக்குள்ள தண்ணி போயிருக்கும், நல்லாத் துடை."

மறுநாள் வாசல் நிறைய ஜனம். பெட்டி கட்டியாயிற்று, பாத்திஹா ஓதியாயிற்று. அலிமா உள்ளேயிருந்து தாளும் பேனாவும் எடுத்து வந்து வாப்பாவின் முன்னால் வைத்தாள். பத்தொன்பது வயசுப் பெண். முதல் தடவையாகப் புருஷனைக் கடல் தாண்டி அனுப்புகிறாள்.

"வாப்பா, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீகளே. அவுகளுக்கு மறந்துட்டீகளே."

எல்லோரும் சிரித்தார்கள். தாவூதும் சிரித்தார். எழுதினார். ஆபத்து அவசரத்துக்கு முதலில் இவரைப் பார்க்கவும் என்ற வரி வந்தபோது ஒரு கணம் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று அலிமா மைக்கூட்டை எடுத்து வந்தாள். அன்றைக்கு ரயில் போனபின் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, கடிதத்தின் பின்னால் எட்டாவதாக மைதீன் என்று எழுதினார்.

ஒரு வருஷம் ஓடியது. மாதம் தவறாமல் கடிதம் வந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில், சாரல் ஓய்ந்து குற்றாலத்தில் கூட்டம் குறைந்திருந்த நேரம், தந்தி வந்தது. மைதீன் மௌத். அங்கேயே அடக்கம் செய்தாயிற்று. தந்தியில் அவ்வளவுதான் இருந்தது.

தாவூது கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது பெண்கள், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் அலிமாவை உட்கார வைக்க வெள்ளைத் துணி தேடிக்கொண்டிருந்தார்கள். வாப்பா பெட்டியில் கொழும்பு மல் இருக்கிறது என்று சொல்லி அவளே எழுந்துபோய் எடுத்தாளாம். துணியோடு ஒரு கடிதமும் வந்தது. கிதிர் முகம்மது மௌத் என்ற வரி கண்ணில் பட்டது. யார் மௌத்தானால் அவளுக்கு அன்றைக்கு என்ன? அதைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டு வெள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

எப்படிச் செத்தான் என்பது காஜா வந்தபிறகுதான் தெரிந்தது. நாற்பதாம் நாள் கழித்து அவன் வந்தான். வெளி அறையில் தாவூதும் தெருக்காரர்கள் நாலு பேரும் இருந்தார்கள். இத்தாவில் இருக்கிறவள் வெளி ஆம்பளை முன்னால் வரக்கூடாது, அலிமா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள்.

"காலைல தொழுதுட்டு வாரேன், வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு கிடக்கான்" என்றான் காஜா. "வலது பக்கம் தொட விடமாட்டேங்கான். ரூம்புக்காரரு சொன்னாரு, பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான், தூக்கிட்டுப் போங்கன்னு. இவன் கேக்கல. விசா முடிஞ்சு பதினஞ்சு நாளாச்சு, ஆஸ்பத்திரில பேரு எழுதுனா போலீசுக்குப் போயிரும், மாமா எழுதித் தந்திருக்காக, மொதல்ல அவரத்தான் பாக்கணும்னான். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. என் இடுப்புலயும் அதே சீட்டுத்தான இருக்கு."

ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். ஜவுளிக்கடை இருந்த இடத்தில் இரும்புக்கடை இருந்தது. அங்கே ஒருவன், அந்த முதலாளி கெய்சர் வீதிக்குப் போய்விட்டாரே என்றான். கெய்சர் வீதியில் கேட்டால், மருதானையில் போய் விசாரி என்றார்கள். மைதீன் ரிக்‌ஷாவில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கேளு காஜா, இன்னும் ஒரு ஆள்கிட்ட கேளு என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். நடுவில் வலி நின்றுவிட்டதாகச் சொன்னானாம். சந்தோஷப்பட்டார்களாம். மத்தியானம் லுஹர் பாங்கு சொல்கிற நேரத்துக்கு ஒரு பள்ளிவாசல் வாசலில் வயசான ஒருவர், கிதிர் முகம்மதா, அவர் மௌத்தாகி மூன்று வருஷமாச்சே தம்பி என்றார்.

"பெறவு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். விசாவப் பத்தி ஒரு பய கேக்கல மாமா. குடலுக்குள்ள வெடிச்சிருச்சு, காலைலயே ஏன் கொண்டு வரலன்னுதான் டாக்டர் கேட்டாரு. மறுநா சாயந்தரம் அஸருக்கு முன்னால உசுரு போயிருச்சு."

காஜா பெல்ட்டை எடுத்துப் பாயில் வைத்தான். மைதீனுடைய பச்சைப் பெல்ட். பைக்குள் சீட்டு அப்படியே இருந்தது. வேர்வையில் மை கலங்கியிருந்தது, கடைசி வரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"மாமாவச் சொல்லி என்ன செய்ய" என்று தெருக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "மூணு வருசமா ஒரு கார்டு போட்டுத் தகவல் சொல்ல அங்க ஒருத்தனுக்கும் கை வரலியே."

"அதாங்கேன்" என்றான் காஜா. "உங்களுக்கு யாரும் எழுதலியா மாமா?"

தாவூது பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் மகள் இருக்கிறாள் என்பது நினைவில் இருந்தது. அவள் கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

"இல்லப்பா. யாரும் எழுதல."

அன்று மத்தியானம் சோறு வைக்கும்போது அலிமா தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தை விரித்து வைத்தாள். பெயர்கள் எழுதிய பக்கம் மேலே இருந்தது. எட்டாவது பெயருக்கு நேரே கிண்ணத்தில் குழம்பு. தாவூது சாப்பிடவில்லை. அவள் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

இத்தா நாலு மாதம் பத்து நாள். அது முடிகிறவரை அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், மூச்சு இழுக்கிற நாளில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வெளியே ஊர் அவரைத் தாங்கியது. மருமகனைப் பறிகொடுத்த மனுஷன், தகவல் சொல்ல நாதியில்லாமல் ஏமாந்துபோன மனுஷன் என்று பள்ளிவாசலில் தோளைத் தொட்டுப் பேசினார்கள். இரண்டு பேர், வேறு யாராவது தெரிந்தவர் இருந்தால் அந்த விலாசத்தைக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டார்கள். முன்வரிசையில் இடம் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் போய் உட்காரவும் செய்தார். அதுதான் அந்த மனுஷனின் லட்சணம், வேறு எப்படிச் சொல்வது.

இத்தா முடிந்த மறுநாள் காலை அலிமா குளித்து, துப்பட்டி போர்த்திக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கிற தபால் ஆபீசுக்குப் போய்த் திரும்பினாள். புருஷன் போனபின் முதல் தடவை வெளியே போனது அதற்காகத்தான். கையில் எட்டுக் கார்டு இருந்தது. கடிதம், கார்டுகள், பேனா, மைக்கூடு எல்லாவற்றையும் வாப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதுங்க."

"என்னன்னு?"

"கிதிர் முகம்மது மாமா மௌத்தாகி மூணு வருசமாச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் உனக்குச் சீட்டு எழுதித் தந்தேன். அந்தச் சீட்டக் கிழிச்சிப் போட்டுரு. உடம்புக்கு முடியலன்னா நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. இம்புட்டுந்தான்."

"ஏட்டி, தகவல மட்டும் எழுதுவோம். எனக்குத் தெரியும்ங்கறது எதுக்கு?" தாவூது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பிச்சுமணியும் காஜாவும் இங்கனயே இருக்கானுக. அவனுகளுக்குக் கார்டு போனா ஊரே வாசிக்கும்."

"வாசிக்கட்டும். நான் எழுதுனா அது என் எழுத்துன்னு சொல்லுவாக. சீட்டு எழுதுன கையிதான, இதையும் எழுதுங்க."

அவள் குரல் உயரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பெயரை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒலி முகம்மது. அவர் எழுதினார். எனக்கு அப்பவே தெரியும் என்ற இடத்தில் பேனா அழுந்தி ஒரு கார்டில் மை சிந்தியது. பரவாயில்லை, வாசிக்க முடியும் என்றாள். இரண்டாவது, மூன்றாவது. வெயில் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. காஜாவின் கார்டில் தன் தெருவின் பெயரையே எழுதும்போது அவர் அழுதார். அலிமா அழவில்லை. ஏழாவது கார்டை ஊதிக் காயவைத்து மற்றவற்றோடு அடுக்கினாள்.

எட்டாவது கார்டை அவர் முன்னால் தள்ளினாள்.

"இது எதுக்கும்மா?"

"பேரு எட்டு இருக்கே. கடைசிப் பேரு உங்க கையெழுத்துத்தான்."

தாவூது பேனாவைக் கீழே வைத்தார். "அவனுக்கு எங்கனன்னு எழுத?"

"கொழும்புல யார எங்கன போயிப் பாக்கணும்னு ஊருக்கே நீங்கதான விலாசம் சொன்னீக" என்றாள் அலிமா. "இதுக்கும் நீங்களே சொல்லுங்க."

ஏழு கார்டையும் எடுத்துக்கொண்டு துப்பட்டியைப் போர்த்திப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவரிடம் சீட்டுக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பிச்சுமணி ஒருநாள் குற்றாலம் கடைக்கு வந்து, துண்டு எதுவும் வாங்காமல், கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். காஜா தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிக்கொள்வான். புளியங்குடியிலிருந்து ஒலி முகம்மதின் தாய் வந்து, வாசலில் நின்று, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பினாள். உங்களை நம்பித்தானே அனுப்பினேன் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கல்யாண வீடுகளில் பந்தலுக்குள் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். கொழும்பு என்ற அடைமொழி எப்படியோ கழன்று விழுந்து, வெறும் கைலி தாவூதாக ஆறு வருஷம் தெருத் தெருவாக நடந்தார். அலிமா கடைசிவரை சோறு வைத்தாள். வாப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை.

அறுபத்தாறில், ஐப்பசி மழையில் மூச்சு இழுத்து இறந்துபோனார். அலிமாவே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மய்யித்தைப் பொதியும் கபன் துணிக்காகத் தகரப் பெட்டியைத் திறந்தபோது மிச்சமிருந்த மல்லுக்கு அடியில் அந்த எட்டாவது கார்டு இருந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார், மற்ற ஏழு பேருக்கும் எழுதிய அதே வாசகம், ஒரு வார்த்தை குறையாமல். எனக்கு அப்பவே தெரியும் என்பதும் இருந்தது. மறுபக்கத்தில் மைதீன் என்று எழுதி ஒரு காற்புள்ளி போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.